அழுகுணி ஆட்டம் ஆடிய பாட்டி

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 74 வயது. ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மனைவி நுரையீரல் நோயால் காலமாகிப் பத்து மாதங்கள் ஆகின்றன. 48 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தோம். துக்கம் தாங்கவில்லை என்று புலம்புவதற்காக இதை எழுதவில்லை. அழுகை வரும்போது வருகிறது, போகும்போது போகிறது. என் சிக்கல் வேறு.

முதலாண்டு நினைவு நாளுக்குள் அவளுடைய வாழ்க்கையைச் சிறு புத்தகமாக அச்சிட்டு உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று என் மகன் விரும்புகிறான். நல்ல எண்ணம்தான். ஆனால் எழுத வேண்டியவன் நான். "அம்மாவை உங்களைவிட யாருக்கு அப்பா நன்றாகத் தெரியும்?" என்று சொல்லி ஒரு தடித்த நோட்டையும் வாங்கிக் கொடுத்துவிட்டான். அட்டையில் போட வேண்டிய வரியைக்கூட அவனே முடிவு செய்துவிட்டான்: "அன்பு மனைவி, பாசமிகு தாய், பிரியமான பாட்டி." அதற்குக் கீழே என்னால் ஒரு பக்கம்கூட எழுத முடியவில்லை.

எழுத உட்கார்ந்தால் மருத்துவமனைதான் வருகிறது. ஆக்சிஜன் முகமூடியின் ரப்பர் பட்டை அவள் கன்னத்தில் பதித்த சிவந்த கோடு. அதைக் கழற்றிவிடச் சொல்லி அவள் விரலால் காட்டியது. கழற்றக் கூடாது என்று நர்ஸ் தலையாட்டியது. தலைமாட்டில் இருந்த கருவி எண் இறங்கும்போதெல்லாம் கீச்சிட்டது. அங்கே இருந்தது ஆறே வாரங்கள். ஆனால் அவளை நினைத்தாலே அந்த ஆறு வாரங்கள்தான் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கின்றன. அவள் சிரித்த முகம் வேண்டுமென்றால் சுவரில் மாட்டியிருக்கும் படத்தின் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறது. குரல் அதைவிட மோசம். கண்ணை மூடிக்கொண்டு அவள் என்னைக் கூப்பிடுவதைக் கேட்க முயன்று பார்க்கிறேன், வருவதில்லை. செல்பேசியில் அவள் அனுப்பிய குரல் பதிவுகள் இருக்கின்றன. அவற்றைத் தொடவே பயமாக இருக்கிறது.

போன மாதம் எல்லாரும் வீட்டில் கூடியிருந்தபோது, ஆளுக்கு ஒரு நினைவைச் சொல்லுங்கள், நான் குறித்துக்கொள்கிறேன் என்றான் மகன். அவனுடைய பையனுக்கு ஒன்பது வயது. அவன்தான் முதலில் கையைத் தூக்கினான். "பாட்டி சீட்டு விளையாடும்போது அழுகுணி ஆட்டம் ஆடுவார். சீட்டை மடியில் ஒளித்து வைத்துக்கொள்வார். நான் கண்டுபிடித்துவிட்டால், உனக்குக் கண் சரியாகத் தெரிகிறதா என்று சோதித்தேன் என்பார்" என்றான். வெகு நாட்களுக்குப் பிறகு அந்தக் கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மகன் மட்டும் சிரிக்கவில்லை. "பாட்டியைப் பற்றி அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. நல்லதாக ஏதாவது சொல்" என்றான். பையனின் முகம் சுண்டிப்போயிற்று. அதன் பிறகு அவன் வாயே திறக்கவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகளுக்குப் பொறுக்கவில்லை. "என் ஓவிய நோட்டைக் கிழித்துப் போட்டவர் அம்மா. எனக்குப் பிரசவமானபோது இராத்தூக்கம் இல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டவரும் அம்மாதான். இரண்டையும் எழுதுவதானால் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் என் பெயரை அதில் சேர்க்காதீர்கள்" என்றாள். இறந்துபோனவரைக் குறை சொல்வதா என்று மகன் குரலை உயர்த்தினான். அன்றிலிருந்து இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. தனித்தனியே எனக்குப் போன் செய்து மற்றவரைப் பற்றி முறையிடுகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் எனக்கு அறிமுகமில்லாத ஒரு பெண்மணி இருந்தார். அறுபது வயதைத் தாண்டியிருப்பார். சில தெருக்கள் தள்ளி வீட்டு வேலை செய்கிறவராம். "உங்கள் வீட்டு அம்மாதான் எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். இப்போது பஸ்ஸில் பெயர்ப் பலகையை நானே படித்து ஏறுகிறேன்" என்று சொல்லி அழுதார். நான் அலுவலகத்தில் இருந்த பிற்பகல் வேளைகளில், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இது நடந்திருக்கிறது. என் மனைவி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குப் பெருமையாக இருக்க வேண்டும். பெருமையும் இருக்கிறது. கூடவே, உள்ளே எதுவோ சுருக்கென்று குத்துகிறது. அவளை என்னைவிட யாருக்குத் தெரியும் என்று மகன் கேட்டானே, அந்தக் கேள்வி இப்போது என்னைப் பார்த்துச் சிரிப்பது போலிருக்கிறது.

அவளுடைய வீட்டுக் கணக்கு நோட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. கணக்குப் பிரிவுக்காரன் என்பதால் அவள் கூட்டலில் தப்புக் கண்டுபிடிப்பது எனக்குப் பொழுதுபோக்கு. அந்த நோட்டுகளின் ஓரங்களில் அவள் எழுதி வைத்திருந்ததை இப்போதுதான் படிக்கிறேன். "மழை. துணி காயவில்லை." "இவர் பேசவில்லை. நானும் பேசவில்லை." "தலைவலி. யாரிடமும் சொல்லவில்லை." ஒரு பக்கத்தில், "இன்று சும்மா இருந்தேன். நன்றாக இருந்தது." அந்த ஒரு வரியிலேயே மறுபடி மறுபடி போய் நிற்கிறேன்.

காலையில் எழுந்ததும் அவளிடம் இரண்டு வார்த்தை பேசுவது என் வழக்கம். மருமகள் ஒருநாள் கேட்டுவிட்டாள். மகன் எங்கோ படித்துவிட்டு வந்து, துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு, அப்பா இன்னும் கடைசிக் கட்டத்துக்கு வரவில்லை என்கிறான். மகளுக்கு நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அவளிடம் பாட்டி வெளியூர் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். "பாட்டிக்குப் போன் போடு தாத்தா" என்று என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். நான் என்ன சொல்வது? அந்த நோட்டில் என்ன எழுதுவது?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகர்


அன்புள்ள ஐயா,

வணக்கம். ஒரு பக்கம்கூட எழுத முடியவில்லை என்கிறீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தபோது உங்கள் மனைவியை எனக்கு ஓரளவு தெரிந்துவிட்டது. சீட்டை மடியில் ஒளிப்பவர். மாட்டிக்கொண்டால் அசராமல் பதில் சொல்பவர். தலைவலியை நோட்டில் மட்டும் எழுதி வைப்பவர். ஒருநாள் சும்மா இருக்கக் கிடைத்ததைக் குறித்து வைக்கும் அளவுக்கு ஓய்வில்லாமல் இருந்தவர். அட்டைக்கு உங்கள் மகன் தேர்ந்த வரியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அந்த வரி, அவர் உங்கள் ஒவ்வொருவருக்கும் என்ன உறவு என்று சொல்கிறது. எப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. உங்கள் பேனா அங்கேயே நின்றுவிட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. அட்டையில் அது இருந்துவிட்டுப் போகட்டும். உள்ளே அதைப் பின்பற்றி எழுத வேண்டாம்.

மருத்துவமனை நினைவை முதலில் பார்ப்போம். 1996ஆம் ஆண்டு ரெடல்மையர், கானமன் என்ற இரு ஆய்வாளர்கள், பெருங்குடல் பரிசோதனை போன்ற வலி மிகுந்த சிகிச்சைகளுக்கு உட்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிகிச்சை எவ்வளவு நேரம் நீடித்தது என்பது நோயாளிகளின் நினைவை அதிகம் பாதிக்கவில்லை. வலி உச்சத்தில் இருந்த கணமும் கடைசிச் சில நிமிடங்களும்தான் மொத்த அனுபவமும் எப்படி இருந்தது என்பதைத் தீர்மானித்தன. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கணவரின் நிலை அதுவேதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என்னிடம் வருகிறவர்களிடம் இதே சாய்வை அடிக்கடி காண்கிறேன். உச்சமும் முடிவும் உங்களுக்கு ஒரே அறையில் நடந்திருக்கின்றன. கணக்குத் தெரிந்தவர் நீங்கள். 48 ஆண்டுகளுக்கு எதிரே ஆறு வாரங்கள் எத்தனை பங்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மனம் அந்தக் கணக்கைப் போடுவதில்லை, அவ்வளவுதான். உங்கள் அன்பில் குறை இருப்பதாகவோ நல்ல நாட்கள் அழிந்துவிட்டதாகவோ இதற்கு அர்த்தமில்லை.

முண்டியடித்துக்கொண்டு வருவதை முதலில் உள்ளே விட்டுவிடுங்கள். மகன் கொடுத்த நோட்டைத் தொடாதீர்கள். தனியாகச் சில தாள்களை எடுத்துக்கொண்டு அந்த ஆறு வாரங்களை எழுதுங்கள். ரப்பர் பட்டை, கருவியின் கீச்சொலி, விரலால் காட்டியது, எல்லாவற்றையும். இது அச்சுக்குப் போகாது. யாரும் படிக்க வேண்டியதில்லை. பகல் வெளிச்சத்தில், வீட்டில் யாராவது இருக்கும் நேரத்தில் எழுதுங்கள். நெஞ்சு படபடத்தால் நிறுத்திவிட்டு வெளியே நடந்துவிட்டு வாருங்கள். ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்பதும் இல்லை.

அடுத்து அந்தக் கணக்கு நோட்டுகள். பிறப்பு, படிப்பு, திருமணம், பிள்ளைகள் என்று வரிசையாக எழுத முனைந்தால் வரலாறு போய்ச் சேரும் இடம் மறுபடி மருத்துவமனையாகத்தான் இருக்கும். எனவே வரிசை வேண்டாம். ஓரக் குறிப்புகளில் ஏதாவது ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தின் தலைப்பில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "இவர் பேசவில்லை. நானும் பேசவில்லை." அன்று என்ன நடந்தது? எதற்காகப் பேசாமல் இருந்தீர்கள்? முதலில் பேசியது யார், என்ன சொல்லி? நினைவிருந்தால் எழுதுங்கள். நினைவில்லை என்றால், அன்றைய சண்டை எதற்கு என்று எனக்கு மறந்துவிட்டது, அவளுக்கு நினைவிருந்திருக்கும் என்று எழுதுங்கள். அதுவும் உங்கள் மணவாழ்க்கைதான். துணி காயாத மழை நாளுக்கு ஒரு பக்கம், தலைவலிக்கு ஒரு பக்கம். கூட்டலில் நீங்கள் தப்புக் கண்டுபிடித்த நாட்களுக்குக் கட்டாயம் ஒரு பக்கம். அப்போது அவர் என்ன பதில் சொல்வார் என்பதை நீங்கள் எனக்கு எழுதவில்லை. எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

குரல் மறந்துவிட்டது என்ற பயத்துக்கு வருகிறேன். ஒன்றை நாமாக நினைவுக்குக் கொண்டுவருவதும், எதிரே வரும்போது அடையாளம் கண்டுகொள்வதும் ஒன்றல்ல. முதலாவது எல்லாருக்குமே கடினம். இப்போது உயிரோடு இருக்கும் உங்கள் மகனின் குரலைக் கண்ணை மூடிக்கொண்டு மனத்துக்குள் ஒலிக்க வைத்துப் பாருங்கள், அதுவும் அவ்வளவு தெளிவாக வராது. போனில் அவன் "அப்பா" என்றதும் கண்டுகொள்வீர்கள். உங்கள் மனைவியின் குரலையும் அப்படித்தான் ஒரு நொடியில் கண்டுகொள்வீர்கள். பதிவுகளைக் கேட்கும் தைரியம் எப்போது வருகிறதோ வரட்டும், அதற்குக் கெடு எதுவும் இல்லை. ஆனால் செல்பேசி தொலையலாம், பழுதாகலாம். எனவே பதிவுகளைக் கேட்காமலேயே வேறு இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைக்கச் சொல்லி மகளிடம் கொடுங்கள். முதல்முறை கேட்கும்போது தனியாக இருக்க வேண்டாம். துணிகளை எடுத்து வை, மாத்திரையை மறக்காதே என்பது போன்ற சாதாரணமான ஒரு பதிவிலிருந்து தொடங்குங்கள். உடல் நலிந்திருந்த காலத்தில் அனுப்பியவை கடைசிக்குப் போகட்டும்.

காலையில் அவரிடம் பேசுகிறீர்கள். பேசுங்கள். டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் பகுதியில் துணையை இழந்த 293 பேரைச் சந்தித்துப் பேசி, 1971இல் அதை வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேர், இறந்த துணை அருகில் இருப்பதை உணர்ந்ததாகவோ, பார்த்ததாகவோ, அவர்களிடம் பேசியதாகவோ சொன்னார்கள். பெரும்பாலோர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அது தங்களுக்கு உதவியாக இருந்தது என்று சொன்னவர்களே அதிகம். மணவாழ்க்கை மகிழ்ச்சியாக அமைந்தவர்களிடம் இது கூடுதலாக இருந்தது. மருமகளிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். அவளும் ஓர் அத்தையை இழந்தவள்தானே.

ஐந்து கட்டங்கள் பற்றி மகனிடம் ஒரு தகவல் சொல்லலாம். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்தக் கட்டங்களை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசித்தான். துணையை இழந்தவர்கள் ஏற வேண்டிய படிக்கட்டாக அது பிற்பாடுதான் பரவியது. துக்கம் அப்படி வரிசையாக நகர்வதைப் பின்னால் வந்த ஆய்வுகளும் உறுதி செய்யவில்லை. ஒரு பகலில் அழுகையும் அதே மாலையில் பேரனோடு சிரிப்பும் வந்து போவதுதான் வழக்கமான துக்கம். இறந்தவரிடமிருந்து மனத்தை மெல்ல விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் வேலை என்று 1917இல் எழுதியவர் சிக்மண்ட் பிராய்டு. அவருடைய மகள் சோபி 1920இல் இறந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, அந்த மகளுக்கு 36 வயது நிறைந்திருக்க வேண்டிய நாளில், அந்த இடத்தை நிரப்ப மாற்று எதுவும் கிடைப்பதில்லை, அப்படி இருப்பதும் சரிதான் என்ற பொருளில் நண்பருக்குக் கடிதம் எழுதினார். ஏட்டில் எழுதியது ஒன்று, பட்ட பிறகு எழுதியது வேறொன்று.

இப்போது சண்டை. உங்கள் மகன்மீது எனக்குக் கோபமில்லை. சிகாகோவில் விதவைப் பெண்களிடையே நெடுங்காலம் ஆய்வு நடத்திய ஹெலனா லோபாட்டா என்ற சமூகவியலாளர், இறந்த கணவரைப் புனிதராக்கிவிடும் போக்கைப் பற்றி 1981இல் எழுதினார். எரிச்சலூட்டும் பழக்கம் ஒன்றுகூட என் கணவரிடம் இருந்ததில்லை என்பது அவர் அவர்கள்முன் வைத்த கூற்றுகளில் ஒன்று. அதை ஆமோதித்த பெண்கள் இருந்தார்கள். பல ஆண்டுகள் ஒருவரோடு குடித்தனம் நடத்தியவர்களே இப்படிச் சொன்னார்கள் என்றால், மகன்கள் சொல்வதில் வியப்பில்லை. ஒரு குறையை உள்ளே விட்டால் அம்மா முழுவதுமே கை நழுவிவிடுவார் என்று அவன் பயப்படுகிறான் என்று நினைக்கிறேன். அந்தப் பயத்தோடு வாதாடிப் பயனில்லை. ஆனால் அதன் விலையை ஒன்பது வயதுப் பையன் கொடுத்திருக்கிறான். பாட்டியைப் பற்றி அவனிடம் இருந்த மிகச் சிறந்த நினைவைத் தவறு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதைச் சரிசெய்ய வேண்டிய பொறுப்பை மகனிடம் விடாதீர்கள், தாத்தாவே செய்யலாம். ஒரு சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு அவனோடு உட்காருங்கள். பாட்டி சீட்டை எப்படி ஒளிப்பார், நீ எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று செய்து காட்டச் சொல்லுங்கள். பிறகு அதை அவன் கையாலேயே எழுத வைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மகள் சொன்னதை நான் பலமுறை படித்தேன். அவள் அம்மாவைக் குறை சொல்லவில்லை. கிழிந்த ஓவிய நோட்டையும் பிரசவத்தின்போது விழித்திருந்த இரவுகளையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அம்மா என்றால் அந்த இரண்டும்தான். ஒன்றை நீக்கினால் மற்றதும் பொய்யாகிவிடும் என்று அவள் கருதுகிறாள், எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனாலும் இது உறவினர் எல்லார் கைக்கும் போகிற புத்தகம். எதை அச்சிடுவது, எதை வீட்டோடு வைத்துக்கொள்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். அவளுக்காக நீங்களோ, அவளுக்கு எதிராக மகனோ அந்த நிகழ்ச்சியை எழுத வேண்டாம். என்னைக் கேட்டால், அன்று கூடத்தில் அவள் சொன்ன வாக்கியங்களை ஒரு சொல்லும் மாற்றாமல் அவள் பெயரோடு அச்சிடுவேன். அதைப் படிக்கிற எந்த உறவினரும் உங்கள் மனைவியைத் தாழ்வாக நினைக்கப் போவதில்லை.

கூடி உட்கார்ந்து நினைவுகளைச் சொல்லும் முறையையே கைவிடச் சொல்கிறேன். குழுவாக நினைவுகூர்பவர்கள், அதே எண்ணிக்கையிலான ஆட்கள் தனித்தனியே நினைவுகூர்ந்து தொகுத்ததைவிடக் குறைவாகவே நினைவுக்குக் கொண்டுவருகிறார்கள் என்பதை 1990களிலிருந்து பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஒருவர் சொல்லும் போக்கு அடுத்தவரின் போக்கைக் குலைத்துவிடுகிறது. உங்கள் வீட்டில் அது குலைத்ததோடு நிற்காமல் வாயையும் அடைத்துவிட்டது. ஒவ்வொருவரும் தனியே எழுதி, உறையிலிட்டு உங்களிடம் கொடுக்கட்டும். மகன் எழுதும் அம்மா குறையே இல்லாதவராக இருந்தால் இருக்கட்டும், அவனுக்கு அவர் அப்படித்தான். மருமகளும் எழுதட்டும். உங்கள் மனைவிக்குக் கூடப் பிறந்தவர்களோ பள்ளித் தோழிகளோ இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். உங்களைச் சந்திப்பதற்கு முன் அவர் எப்படி இருந்தார் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமே. ஒன்றோடொன்று முரண்பட்டால் சமன் செய்யாதீர்கள். தொகுப்பாளரின் வேலை பக்க எண் போடுவதுதான். அது கணக்குப் பிரிவுக்காரருக்கு நன்றாகவே வரும்.

நான்கு வயதுப் பேத்தியிடம் உண்மையைச் சொல்லிவிடச் சொல்லுங்கள். அந்த வயதில் சாவு என்பது திரும்பி வரக்கூடிய ஒன்றாகவே குழந்தைகளுக்குத் தோன்றும். மீண்டு வர முடியாது என்பது பெரும்பாலும் ஐந்து வயதுக்கு மேல்தான் மெல்லப் பிடிபடும். வெளியூர் போயிருக்கிறார் என்றால், ஏன் என்னைக் கூப்பிடவே இல்லை என்று அவள் காத்திருப்பாள். வெளியூர் போகிற அம்மாவும் திரும்பாமல் போய்விடுவாரோ என்ற பயமும் வரலாம். தூங்குகிறார் என்றும் சொல்ல வேண்டாம், அது அவளுடைய தூக்கத்தையே கெடுத்துவிடும். "பாட்டி இறந்துவிட்டார். அவருடைய உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. அவரால் இனி வரவோ பேசவோ முடியாது. எனக்கும் அவரிடம் பேச ஆசையாகத்தான் இருக்கிறது" என்று மகள் முதலில் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். அடுத்த நாளே அவள் மறுபடி போன் போடச் சொல்வாள். அதே வார்த்தைகளில் மறுபடி சொல்லுங்கள்.

உங்கள் உடம்பைப் பற்றி ஒரு கேள்வி. "தலைவலி. யாரிடமும் சொல்லவில்லை" என்ற வரியைப் படித்தபோது, இப்போது அதை நீங்கள் செய்துகொண்டிருக்கிறீர்களோ என்று தோன்றியது. 1969இல் பிரிட்டனில், 55 வயதைத் தாண்டிய, மனைவியை இழந்த 4,486 ஆண்களைப் பற்றிய ஆய்வு ஒன்று வெளியானது. முதல் ஆறு மாதங்களில் அவர்களுடைய இறப்பு விகிதம், மனைவி உயிரோடு இருந்த அதே வயது ஆண்களைவிட ஏறக்குறைய 40 சதவீதம் அதிகமாக இருந்தது. அந்த ஆறு மாதங்களை நீங்கள் கடந்துவிட்டீர்கள். இருந்தாலும் இரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம், எடை ஆகியவற்றை ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்றும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் அதற்கு ஆறு மாதங்களையும், 2022இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு பெரியவர்களுக்கு ஓர் ஆண்டையும் குறைந்தபட்சக் காலமாக வைக்கின்றன. ஏறக்குறைய எல்லா நாளும் ஏக்கம் வேறு எதற்கும் இடம் விடாமல் அழுத்துவது, நானே பாதி செத்துவிட்டேன் என்ற உணர்வு, அவர் இறந்ததையே நம்ப முடியாமை, யாரோடும் ஒட்ட முடியாமை ஆகியவை அதன் அறிகுறிகள். உங்கள் கடிதத்தில் இவை எனக்குத் தெரியவில்லை. பேரன் சொன்னதற்குச் சிரித்திருக்கிறீர்கள், கணக்கு நோட்டின் ஒரு வரியைப் பற்றி யோசிக்கிறீர்கள். ஆனால் அந்த மருத்துவமனைக் காட்சிகள் எழுதிய பிறகும் தூக்கத்தைக் குலைத்தாலோ, வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ, நினைவு நாள் வரை காத்திருக்காதீர்கள். அருகில் உள்ள மனநல மருத்துவரிடம் நேரில் சென்று பேசுங்கள்.

கடைசியாக அந்தப் பெண்மணி. உங்கள் மனைவி அதை ஏன் உங்களிடம் சொல்லவில்லை என்று என்னால் ஊகிக்கத்தான் முடியும். வளர்ந்த பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்பவர்களுக்குக் கூச்சம் அதிகம். யாரிடமும் சொல்லாதீர்கள் அம்மா என்று அவரே கேட்டிருக்கலாம், உங்கள் மனைவி வாக்கைக் காப்பாற்றியிருக்கலாம். அல்லது, யாரும் கூட்டலைச் சரிபார்க்காத ஒரு வேலை தனக்கென்று இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். குத்துகிறது என்றீர்களே, குத்தத்தான் செய்யும். 48 ஆண்டுகள் பக்கத்தில் இருந்தவரைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள மிச்சம் இருக்கிறது என்பதில் ஒரு வலி உண்டு. ஊகத்தை விட்டுவிட்டு அவரையே போய்ப் பாருங்கள். எந்த எழுத்தில் தொடங்கினார்கள், எங்கே உட்கார்ந்து படித்தார்கள், உங்கள் மனைவி கண்டிப்பான ஆசிரியரா என்று கேளுங்கள். புத்தகத்துக்கு ஒரு பக்கம் அவர் கைப்பட எழுதித் தரும்படியும் கேட்டு வாங்குங்கள். எழுத்துப் பிழைகள் இருந்தால் திருத்தாமல் அப்படியே அச்சிட வேண்டும் என்று மகனிடம் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.